சிரிப்பூட்டும் வாயுவை உடைப்பது எப்படி? நைட்ரிக் அமில ஆலைக்கான முழுமையான வினையூக்கி வழிகாட்டி

பள்ளி வேதியியல் புத்தகத்தில் 'சிரிப்பூட்டும் வாயு' என்று ஒரே வரியில் படித்துவிட்டுக் கடந்துபோன நைட்ரஸ் ஆக்சைடு பற்றியது இந்தக் கட்டுரை. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதைக் கண்டறிந்தார். 1844இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அந்த வாயுவைச் சுவாசித்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார்; வலிக்கவில்லை. அன்றிலிருந்து அதற்கு நல்ல பெயர்தான். கெட்ட பெயர் பின்னால் வந்தது. காற்றில் கலந்த நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுகளுக்கும் மேல் அழியாமல் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதில் ஒரு கிலோ, 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. போதாததற்கு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. இன்று மனிதர் வெளியிடும் ஓசோன் அரிப்பான்களில் இதுதான் முதலிடம் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதரால் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பங்கு வயல்களிலிருந்து வருகிறது. மண்ணில் போட்ட உரத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது கிளம்புவது. அதை எந்த வினையூக்கியாலும் பிடிக்க முடியாது. கைக்கு அகப்படுவது தொழிற்சாலைப் புகைபோக்கியில் செறிவாக வருவது மட்டுமே. அதில் நைட்ரிக் அமில ஆலையை எடுத்துக்கொண்டு, அடி முதல் முடி வரை வேலையைப் பார்ப்போம்.

ஆலைகளில் இந்தப் பேச்சு வந்தாலே முதலில் எழும் கேள்வி, "எந்த வினையூக்கி நல்லது?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. வாயு போகும் வழியில் எந்த இடத்தில் உடைக்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்துவிட்டால், அங்குள்ள வெப்பநிலையும் நீராவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் (நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும்; நைட்ரஸ் ஆக்சைடு இதில் சேராது) சேர்ந்து வினையூக்கியை அவையே தேர்ந்தெடுத்துவிடும்.

முதல் படி: எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு 1902இல் காப்புரிமை பெற்ற முறையில்தான் இன்றும் நைட்ரிக் அமிலம் தயாராகிறது. அம்மோனியாவையும் காற்றையும் கலந்து, பிளாட்டினமும் ரோடியமும் சேர்ந்த மெல்லிய கம்பிவலைகள் வழியாகச் செலுத்துகிறார்கள். துணிபோல நெய்த வலை, பல அடுக்குகள். 850 முதல் 950 டிகிரி செல்சியஸில் அது செக்கச்செவேலென்று ஒளிரும். பார்வைத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தால், ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். வலையைக் கடக்கும் அந்த நொடிக்கும் குறைந்த நேரத்தில் அம்மோனியாவில் 93 முதல் 98 விழுக்காடு நமக்கு வேண்டிய நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். இன்னொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு.

நைட்ரிக் ஆக்சைடு குளிர்ந்து, காற்றோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகி, உறிஞ்சு கோபுரத்தில் தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. நைட்ரஸ் ஆக்சைடோ தண்ணீரோடு எந்த வினையும் புரியாது. பிறந்தது பிறந்தபடியே கோபுரத்தைத் தாண்டி, டெயில் கேஸ் என்று ஆலைக்காரர்கள் சொல்லும் கழிவு வாயுவோடு சேர்ந்து புகைபோக்கி வழியே போய்விடுகிறது.

எவ்வளவு? காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு 2006இல் வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டியில், கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஆலைகளுக்கு மூன்று எண்கள் உள்ளன: ஒரு டன் அமிலத்துக்குக் குறைந்த அழுத்த ஆலையில் 5 கிலோ, நடுத்தர அழுத்தத்தில் 7 கிலோ, உயர் அழுத்தத்தில் 9 கிலோ. நாளொன்றுக்கு 500 டன் அமிலம் எடுக்கும் நடுத்தர ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தினம் 3.5 டன் நைட்ரஸ் ஆக்சைடு. ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் 1,155 டன். 273ஆல் பெருக்கினால், 3 லட்சத்து 15 ஆயிரம் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இத்தனையும் ஒரே ஒரு குழாயில் வருகிறது என்பதுதான் இதில் உள்ள நல்ல செய்தி. இந்த 500 டன் ஆலையைக் கட்டுரை முடியும்வரை கூடவே வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: நம்பத்தக்க அளவீடு

வினையூக்கி வாங்குவதற்கு முன் அளவுகருவி வாங்குங்கள். நைட்ரஸ் ஆக்சைடு அகச்சிவப்பு ஒளியை 4.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி நன்றாக உறிஞ்சும். அகச்சிவப்புப் பகுப்பாய்வுக் கருவிகள் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் அதே அக்கம்பக்கத்தில் குடியிருப்பவை. எந்த வாயுவால் அளவீடு எவ்வளவு பிசகும் என்று கருவி விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாதிரி எடுக்கும் குழாய் முழுவதும் சூடாக இருக்க வேண்டும். வழியில் ஓர் இடத்தில் குளிர்ந்து நீர் கோத்தாலும் அந்த நாளின் எண்கள் குப்பைக்குத்தான்.

அளவீடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980களில் நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் நைட்ரஸ் ஆக்சைடு ஏராளமாக இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். 1988இல் மியூசியோ, கிராம்லிக் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் குட்டை உடைத்தார்கள். புகையைக் குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் இடைவெளியில், அதிலிருந்த சல்ஃபர் டை ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் ஈரமும் சேர்ந்து குடுவைக்குள்ளேயே நைட்ரஸ் ஆக்சைடை உண்டாக்கியிருந்தன. புகைபோக்கியில் இருந்தது மிகக் குறைவு. நைட்ரிக் அமில ஆலையில் சல்ஃபர் தொல்லை இல்லைதான். இருந்தாலும் வாயுவைப் பிடித்துவைத்துப் பிறகு அளப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஓடும் குழாயிலிருந்து நேராக, தொடர்ச்சியாக அளக்க வேண்டும்.

எத்தனை நாள் அளப்பது? ஒரு முழு கேம்பெய்ன். புது வலை மாட்டியதிலிருந்து கழற்றும்வரை உள்ள காலத்துக்கு அந்தப் பெயர். அழுத்தத்தைப் பொறுத்துச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை நீளும். புது வலை குறைவாகவும் கிழட்டு வலை அதிகமாகவும் நைட்ரஸ் ஆக்சைடு விடும். முதல் வாரத்து எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டால், கடைசி மாதத்தில் வினையூக்கியின் மேல் பழி விழும்.

மூன்றாம் படி: அந்த மூலக்கூறு ஏன் பிடிவாதம் பிடிக்கிறது

நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று மூன்று அணுக்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் மூலக்கூறு இது. உடைந்தால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். உடையும்போது ஒரு மோலுக்கு 82 கிலோஜூல் வெப்பமும் வெளிப்படும். உருண்டுவிடத் துடிக்கும் பாறைதான். ஆனால் அதன் முன்னால் ஒரு மேடு இருக்கிறது: ஏறத்தாழ 250 கிலோஜூல் உயரம். அதனால்தான் வினையூக்கி இல்லாமல் அது உடைய 800 டிகிரிக்கு மேல் வேண்டியிருக்கிறது.

வினையூக்கியின் மேல் நடப்பது இரண்டு காட்சிகள். முதலில் மூலக்கூறு ஓர் உலோக மையத்தின் மேல் உட்காருகிறது. ஆக்சிஜனை அங்கே விட்டுவிட்டு நைட்ரஜனாகப் பறந்துவிடுகிறது. இது எளிது. இரண்டாவது காட்சியில்தான் சிக்கல்: விட்டுச்சென்ற ஆக்சிஜன் அணு அந்த மையத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டும். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சந்தித்து மூலக்கூறாகி வெளியேற வேண்டும், அல்லது அடுத்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் இலையைவிட்டு எழுந்தால்தானே அடுத்தவர் உட்கார முடியும்? பெரும்பாலான வினையூக்கிகளின் வேகம் இந்த எழுந்திருத்தலில்தான் நிற்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும். நீராவி ஏன் கெடுதல் செய்கிறது? அதுவும் அதே இலையில் உட்காரப் பார்க்கிறது. இரும்பு சியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த கனிமத்தில் இரும்பு ஏற்றியது) நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் வேகம் ஏன் கூடுகிறது? ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனை அது இழுத்துக்கொண்டு நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடுகிறது, இலை காலியாகிறது. புரொப்பேன் அல்லது இயற்கை எரிவாயு சேர்த்தால் ஏன் குறைந்த வெப்பத்திலேயே வேலை நடக்கிறது? எரிவாயு அந்த ஆக்சிஜனை எரித்துத் துடைக்கிறது.

ஒட்டிக்கொள்ளும் ஆக்சிஜனுக்கு நல்ல பக்கமும் உண்டு. நோவோசிபிர்ஸ்க் நகரின் போரெஸ்கோவ் நிறுவனத்தில் பானோவும் அவர் குழுவினரும், இரும்பு சியோலைட்டில் நைட்ரஸ் ஆக்சைடு விட்டுச்செல்லும் ஆக்சிஜன் மிக வீரியமானது என்று கண்டு, அதற்கு ஆல்ஃபா ஆக்சிஜன் என்று பெயரிட்டார்கள். பென்சீனை நேரே ஃபீனாலாக்கும் அளவுக்கு வீரியம்.

நான்காம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வலையின் கலவையையும் நெசவையும் மாற்றிப் பிறப்பையே குறைப்பது முதல் வாய்ப்பு. செய்ய வேண்டியதுதான், ஆனால் அதனால் முழுப் பிரச்சினை தீராது. உண்மையான போட்டி அடுத்த இரண்டு இடங்களுக்குள்தான்.

ஒன்று, வலை இருக்கும் எரிகலமான பர்னருக்குள்ளேயே, வலைக்குக் கீழே. அங்கே 800 முதல் 900 டிகிரி வெப்பம் இலவசமாகக் கிடைக்கிறது. நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1991இல் நார்வேயின் போர்ஷ்கிரனில் வினையூக்கியே இல்லாமல் ஒரு வேலை செய்தது: வலைக்குக் கீழே பர்னரை மூன்றரை மீட்டர் நீளமாக்கி, சூடான வாயு ஓரிரு நொடி கூடுதலாகத் தங்கும்படி விட்டது. அந்தத் தங்கலிலேயே நைட்ரஸ் ஆக்சைடில் 70 விழுக்காட்டுக்கு மேல் உடைந்தது. அழகான யோசனை. ஆனால் பழைய ஆலையில் பர்னரை யார் நீட்டுவார்கள்? அதனால் வலையைத் தாங்கும் கூடையில் வினையூக்கி மணிகளைக் கொட்டும் முறை பரவியது. ஆலையை வெட்டி ஒட்ட வேண்டாம். அடுத்த வலை மாற்றும் நாளில் போட்டுவிடலாம். ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இந்த இடத்துக்கு மூன்று நிபந்தனைகள். 900 டிகிரியில் மாதக்கணக்கில் உருகி ஒட்டாமல் இருக்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் உடைக்க வேண்டும். அருகிலேயே அதைவிட நூறு மடங்கு அதிகமாகப் போகும் நைட்ரிக் ஆக்சைடைத் தொடக் கூடாது. நம் ஆலையில் அரை விழுக்காடு நைட்ரிக் ஆக்சைடு வீணானால் தினம் இரண்டரை டன் அமிலம் போயிற்று. எந்த மேலாளரும் ஒரு வாரத்தில் கூடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். மூன்றாவது, துகள் உதிர்ந்து அமிலத்தில் கலக்கக் கூடாது. அந்த அமிலம் பின்னால் அம்மோனியம் நைட்ரேட் ஆகப்போகிறது. தாமிரம் போன்ற உலோகங்கள் அம்மோனியம் நைட்ரேட்டின் சிதைவைத் தூண்டுபவை. இந்த மூன்றையும் தாண்டி வந்தவை சில: சீரியம் ஆக்சைடின் மேல் கோபால்ட் அலுமினியம் ஸ்பினல் (ஒருவகைப் படிக ஆக்சைடு) வைத்த, நார்வேயின் யாரா நிறுவனத்தின் வினையூக்கி, அலுமினாவின் மேல் தாமிரமும் துத்தநாகமும் சேர்த்த, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவன வகை, பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு படிக அமைப்புள்ள லாந்தனம் கோபால்ட் ஆக்சைடுகள், பீங்கானின் மேல் விலையுயர்ந்த உலோகம் பூசியவை.

இரண்டாவது இடம், டெயில் கேஸ். உறிஞ்சு கோபுரத்திலிருந்து அறை வெப்பநிலையில் வெளிவரும் வாயுவை மறுபடி சூடாக்கித்தான் டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். டர்பைனுக்குச் சற்று முன், வாயு மிகச் சூடாக இருக்கும் இடத்தில் ஓர் உலை வைக்க வேண்டும். இங்கே ஆளுவது இரும்பு சியோலைட். ஊடே என்ற ஜெர்மன் நிறுவனத்தின் என்விநாக்ஸ் முறை 2003இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் முதன்முதலாக ஆலை அளவில் ஓடத் தொடங்கியது.

டெயில் கேஸின் வெப்பநிலைதான் வழியைப் பிரிக்கிறது. ஏறத்தாழ 425 டிகிரிக்கு மேல் இருந்தால் வெறும் சிதைவே போதும். வாயு முதல் வினையூக்கிப் படுகைக்குள் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்தே நுழையட்டும்; அவை இங்கே உதவி செய்பவை. நைட்ரஸ் ஆக்சைடு உடைந்தபின், இரண்டு படுகைகளுக்கும் இடையே அம்மோனியா செலுத்தி, இரண்டாவது படுகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒழிக்கலாம். வெப்பநிலை அதற்குக் கீழே, 300க்கு மேல் இருந்தால் புரொப்பேனோ இயற்கை எரிவாயுவோ சேர்த்து ஒடுக்க, அதாவது ஆக்சிஜனைப் பறிக்க வேண்டும். அப்போது வரிசை தலைகீழாகிறது: எரிவாயு முறைக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் இடைஞ்சல் என்பதால், அவற்றை முதலில் அம்மோனியாவால் அகற்றிவிட வேண்டும். எகிப்தின் அபுகிர் உர ஆலையில் 2006இல் நிறுவியது இந்த எரிவாயு வகை. 300க்கும் கீழே? வாயுவைச் சூடாக்க வழி தேடுங்கள், அல்லது கூடைக்கே திரும்பிப் போங்கள்.

என்னைக் கேட்டால்: சிறிய, பழைய, டெயில் கேஸ் குளிர்ந்த ஆலைக்குக் கூடை. 98, 99 விழுக்காடு வேண்டும், புது உலைக்கு இடமும் பணமும் இருக்கிறது, அமிலத்தைத் தொடவே கூடாது என்றால் டெயில் கேஸ். கூடையில் 70 முதல் 90 விழுக்காடு வரை நம்பலாம். அதற்கு மேல் சொல்பவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பல்லேடியம், பிளாட்டினம் வைத்து, டெயில் கேஸில் உள்ள ஆக்சிஜன் மொத்தத்தையும் எரிவாயுவால் எரித்துத் தீர்க்கும் பழைய முறையும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்காக வந்தது. நைட்ரஸ் ஆக்சைடும் கூடவே போகும். எரிவாயு செலவும் வெளியேறும் மீத்தேனும் அதிகம். புதிதாக யாரும் இதைத் தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஆய்வகத்தில் நேர்மையாகச் சோதியுங்கள்

பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பகுதி. ஹீலியத்தில் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் கலந்து விட்டால் கோபால்ட் ஆக்சைடு முதல் ரோடியம் வரை எல்லாமே பளபளக்கும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு உடைகிறது என்று காட்டும் அழகான வளைகோடு ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும். ஆலைக்கு ஒன்றும் கிடைக்காது. டெயில் கேஸில் ஒன்றரை முதல் நான்கு விழுக்காடு ஆக்சிஜன், அரை விழுக்காட்டை ஒட்டிய நீராவி, நூற்றுக்கணக்கான பிபிஎம் நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் சேர்ந்தே வரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வளைகோடு எவ்வளவு வலப்பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நீராவியைச் சேர்த்தபின் வேண்டிய வெப்பநிலை கணிசமாக ஏறுவது வழக்கம். நீராவியை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. திரும்பினால் அது வெறும் இடப்போட்டி. திரும்பாவிட்டால் வினையூக்கியின் அமைப்பே சிதைகிறது.

கூடைக்கான வினையூக்கி என்றால் 900 டிகிரியில் நூற்றுக்கணக்கான மணிநேரம் ஈரக் காற்றில் சுட்டபின் சோதியுங்கள். சுடுவதற்கு முன் எடுத்த எண்ணை நான் பார்ப்பதுகூட இல்லை.

ஆறாம் படி: எவ்வளவு வினையூக்கி?

நைட்ரஸ் ஆக்சைடு சிதைவு பெரும்பாலும் முதல்வரிசை வினைபோல நடந்துகொள்கிறது: எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் உடையும். இதன் விளைவு பணப்பையில் தெரியும். ஒரு கன மீட்டர் 90 விழுக்காட்டை உடைத்தால், அடுத்த ஒரு கன மீட்டர் மிச்சமிருக்கும் பத்தில் ஒன்பதை உடைக்கும். 90ஐ 99 ஆக்க இரு மடங்கு வினையூக்கி, 99.9 ஆக்க மூன்று மடங்கு.

நம் 500 டன் ஆலையில் டன்னுக்கு ஏறத்தாழ 3,200 கன மீட்டர் டெயில் கேஸ் என்று வைத்தால், மணிக்கு 67,000 கன மீட்டர். டன்னுக்கு ஏழு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு அந்த 3,200 கன மீட்டரில் கலந்தால் 1,100 பிபிஎம். ஒரு கன மீட்டர் வினையூக்கிக்கு மணிக்கு 10,000 கன மீட்டர் வாயு என்ற கணக்கில் உலைக்குள் ஏழு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும்.

இன்னொரு நெம்புகோலும் உண்டு. இரும்பு சியோலைட்டில் 450 டிகிரிக்கு அருகே வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி கூடினால் வினையின் வேகம் இரட்டிப்பாகும். இரண்டு கன மீட்டர் வாங்குவதா, டெயில் கேஸ் சூடேற்றியின் குழாய்களைச் சுத்தம் செய்து 20 டிகிரி கூட்டுவதா என்று முதலில் யோசியுங்கள். பல ஆலைகளில் இரண்டாவது மலிவு.

1,100 பிபிஎம் உடைவதால் வாயு எவ்வளவு சூடாகும்? மூன்று டிகிரி. கவலையே வேண்டாம்.

ஏழாம் படி: கூடையை நிரப்புதல்

இங்கேதான் பணம் போகிறது. நான் பணிபுரிந்த ஓர் ஆலையில், 90 விழுக்காடு வரும் என்று நம்பிப் போட்ட வினையூக்கி 80க்குள்ளேயே தள்ளாடியது. வினையூக்கி மட்டம் என்று விற்றவரைத் திட்டினோம். அவர் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்து 95 காட்டினார். கேம்பெய்ன் முடிந்து பர்னரின் மூடியைத் தூக்கியதும் காரணம் கண்ணெதிரே இருந்தது. நடுவில் படுகை சமமாக இருந்தது. சுவரோரமாகச் சுற்றிலும் மட்டும், வயலில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஒரு பள்ளம். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் ஆழம் வரை. அதற்கு நேர் மேலே வலை தொய்ந்து, ஓரிடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது.

எப்படி வந்தது? மூன்று மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கூடை 880 டிகிரிக்குச் சூடாகும்போது விட்டத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் விரிகிறது. பீங்கான் மணிகள் அவ்வளவு விரிவதில்லை. சுவர் விலக, மணிகள் அந்த இடைவெளிக்குள் சரிந்து இறங்குகின்றன. ஆலை நின்று குளிரும்போது சுவர் திரும்ப வந்து, இறங்கிய மணிகளை நொறுக்குகிறது. நான்கைந்து முறை நின்று ஓடினால் வாய்க்கால் தயார்.

வாயு எப்போதும் தடை குறைந்த வழியில்தான் போகும். ஐந்தில் ஒரு பங்கு வாயு அந்தப் பள்ளம் வழியாக நழுவினால், மீதி நான்கு பங்கில் 95 விழுக்காடு உடைந்தாலும் மொத்தம் 76தான். உலகிலேயே சிறந்த வினையூக்கியைப் போட்டாலும் 80ஐத் தாண்டாது.

அடுத்த முறை செய்தவை இவை. சுவரோரம் சரிவான எஃகு வளையம் ஒன்றை வைத்து, ஓரத்தில் நழுவும் வாயுவைப் படுகையின் உட்புறம் திருப்பினோம். மணிகளை மூட்டையிலிருந்து ஒரே இடத்தில் கொட்டாமல், வட்டம் வட்டமாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் மட்டப்பலகையால் இழுத்தோம். நிரப்பும் முன் சலித்துத் தூளை நீக்கினோம். தூள் இருந்தால் அழுத்த இழப்பு கூடும், அமிலத்திலும் போய்ச் சேரும். படுகையின் மேல் ஒரு தாங்குவலை விரித்து, அதன் மேல் பிளாட்டினம் வலை. எண் 90க்கு அருகில் வந்தது. வினையூக்கி அதே பழைய வினையூக்கிதான்.

எட்டாம் படி: ஓட்டத் தொடங்கும்போது

கூடை வினையூக்கிக்குத் தனி நடைமுறை இல்லை. வலை பற்றிக்கொண்டால் அதுவும் சூடாகிவிடும். டெயில் கேஸ் உலையில்தான் கவனம் தேவை. படுகை 200 டிகிரியைத் தாண்டி நிலைபெறும்வரை அம்மோனியா வால்வைத் தொடக் கூடாது. வினைபுரியாத அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குளிர்ந்த இடத்தில் சந்தித்தால் அம்மோனியம் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் உப்பாகப் படியும். டர்பைன் இலைகளிலும் புகைபோக்கி வளைவுகளிலும் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருக்கும் அந்தப் படிவு வெடிக்கக்கூடியது. அதைச் சுரண்டி எடுக்க யாரும் உளியோடு போகக் கூடாது; நீராவியாலோ வெந்நீராலோ கரைத்துத்தான் எடுக்க வேண்டும். வெப்பநிலை குறைந்தால் அம்மோனியாவும் எரிவாயுவும் தாமாக நிற்கும்படி பூட்டு அமைப்பு இருக்க வேண்டும். அந்தப் பூட்டை 'தற்காலிகமாக' விலக்கிவைக்கும் பழக்கம் ஆலைகளில் உண்டு. கையெழுத்தில்லாமல் விலக்க விடாதீர்கள்.

எரிவாயு சேர்க்கும் வகையில், எரியாமல் தப்பும் மீத்தேனையும் அளந்து கணக்கில் கழியுங்கள். அதுவும் பசுமை இல்ல வாயுதான்.

ஒன்பதாம் படி: கண்காணிப்பு, கழற்றுதல், காசு

தினமும் பார்க்க வேண்டியவை மூன்று: வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, படுகையின் அழுத்த இழப்பு, படுகையின் மேலும் கீழும் வெப்பநிலை. நைட்ரஸ் ஆக்சைடு மெல்ல மெல்ல ஏறினால் வலையோ வினையூக்கியோ கிழடாகிறது. ஓர் இரவில் தாவினால், பெரும்பாலும் எங்கோ வழி திறந்துவிட்டது என்று பொருள்.

கழற்றிய மணிகளைக் குப்பையாக அள்ளிக்கொடுத்துவிடாதீர்கள். வேலை செய்யும் வெப்பத்தில் பிளாட்டினம் ஆக்சைடாக ஆவியாகி வலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஒரு பங்கு கீழே உள்ள மணிகளில் படிகிறது. எடை போட்டு, மாதிரி எடுத்து, உலோகம் பிரிப்பவருக்கு அனுப்பினால் பணம் திரும்பும்.

அந்தப் பணத்தைத் தவிர ஆலைக்குள்ளிருந்து வேறு வருமானம் இதில் இல்லை. நைட்ரஸ் ஆக்சைடை உடைப்பதால் ஒரு கிராம் அமிலம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இந்தியாவில் டிராம்பே, பரூச் ஆலைகள் முதல் எகிப்து வரை பலரும் இதில் இறங்கியது, கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சித் திட்டத்தில், குறைத்த உமிழ்வுக்குக் கிடைத்த சான்றுகளான கார்பன் வரவுகளை விற்க முடிந்ததால்தான். ஐரோப்பா 2013இலிருந்து நைட்ரிக் அமில ஆலைகளின் நைட்ரஸ் ஆக்சைடைத் தன் உமிழ்வு வணிகத்துக்குள் (வெளியிடும் வாயுவுக்கு ஆலைகள் உரிமம் காட்ட வேண்டிய ஏற்பாடு) கொண்டுவந்துவிட்டது. வளரும் நாட்டு ஆலைகளுக்கு உதவ 2015இல் ஜெர்மனி ஒரு தனி முயற்சியைத் தொடங்கியது.

நைட்ரிக் அமிலத்துக்கு அப்பால்

நைலானுக்கான அடிபிக் அமில ஆலைகளில் கணக்கே வேறு. ஒரு டன் அடிபிக் அமிலத்துக்கு 300 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. 1991இல் தீமன்ஸ், டிரோக்ளர் என்ற கலிஃபோர்னிய வேதியியலாளர்கள் இதை எழுதும்வரை வெளியுலகில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. பெரிய உற்பத்தியாளர்கள் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே உடைக்கும் கருவிகளை நிறுவினார்கள். இங்கே கழிவு வாயுவில் 30 முதல் 50 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடு இருக்கும். வாயுவில் பத்து விழுக்காடு அளவு நைட்ரஸ் ஆக்சைடு உடைந்தாலே அதன் வெப்பநிலை 250 டிகிரிக்கு மேல் கூடும் என்பதால், காற்றாலோ திருப்பிவிட்ட வாயுவாலோ நீர்க்கச் செய்யாமல் படுகைக்குள் விட்டால் வினையூக்கி வெந்துபோகும். இங்கே பிரச்சினை சூடேற்றுவது இல்லை, சூட்டை எடுப்பது. அந்தச் சூட்டில் நீராவி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கார்பன் வரவின் வருமானம் அமிலத்தின் இலாபத்தையே விஞ்சியதால், வரவுக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013இலிருந்து ஐரோப்பா அந்த வரவுகளை ஏற்பதில்லை.

மருத்துவமனைகளிலும் வினையூக்கிப் பெட்டிகள் வந்துவிட்டன. ஸ்வீடனில் பிரசவ அறைகளில், வலி தணிக்க நைட்ரஸ் ஆக்சைடு சுவாசிக்கும் தாய்மார்கள் வெளிவிடும் மூச்சை முகமூடி வழியே உறிஞ்சி, சூடான வினையூக்கியில் உடைக்கிறார்கள். ஆனால் பெட்டி வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு மாதத்தில் எத்தனை சிலிண்டர் தீர்ந்தது, மயக்கவியல் பதிவேட்டின்படி நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிரிட்டனில் அப்படிப் பார்த்த மருத்துவமனைகளில், வாங்கிய வாயுவில் பெரும்பகுதி நோயாளியை எட்டாமலேயே சுவருக்குள் ஓடும் குழாய்களின் கசிவில் போனது தெரிந்தது. அங்கே குழாய் இணைப்பையே துண்டித்துவிட்டு, தேவைப்படும் அறைக்குச் சிறு சிலிண்டரை உருட்டிச்செல்கிறார்கள்.